கப்டன் தவநேசன் இடித்தது பறவையை அல்ல

செய்தி வந்தபோது இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் ஒரு சிறு விமானத்தின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கை முழுக்க கிறீஸ். தொலைபேசியில் கப்டன் தவநேசனின் மனைவி, இந்திராணி அக்கா. "அன்ரன், அவர் போயிட்டார். பல்கனியில இருந்தவர். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறதுக்குள்ள போயிட்டார்" என்றார். மாரடைப்பு என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தாராம். எழுதட்டும். என் கணக்கில் அவரைக் கொன்றவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு வெள்ளவத்தையில் ஸ்டூடியோ இருக்கிறது. மற்றவன் இதை எழுதுகிறவன்.

அவரிடம் பறக்கப் பழகியவர்களுக்கு அவருடைய ஒரு பழக்கம் நினைவிருக்கும். விமானத்தைச் சோதித்துப் புத்தகத்தில் ஒப்பமிடுவது என் வேலை. நான் ஒப்பமிட்ட பிறகும் அவர் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். விமானத்தின் மூக்கில் சுழலும் காற்றாடியின் விளிம்பை விரல் நுனியால் மேலிருந்து கீழ்வரை தடவுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்: "ஏன் கப்டன், என்ட கையெழுத்துல நம்பிக்கை இல்லையா?" அவர் விரலை எடுக்காமலே சொன்னார்: "கையெழுத்து பறக்காது ஐசே. இதுதான் பறக்கும்." இரண்டு நாள் அவருடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வெள்ளவத்தையிலிருந்து ஒரு பார்சல் உழுந்து வடையுடன் வந்தார். கொட்டாஞ்சேனைக்காரனான என்னை எப்படி மடக்குவது என்று அவருக்குத் தெரியும்.

கரையோரத்தில் ட்ரோன்கள் பெருகியபோது முதலில் பதறியவர் அவர்தான். கல்கிசைக் கடற்கரையில் கல்யாணப் படப்பிடிப்பு இல்லாத சனிக்கிழமை கிடையாது. இறங்க வருகிற எங்கள் விமானங்களும் அந்தப் பக்கமாகத்தான் தாழ்ந்து வரும். "காகம் எங்களைக் கண்டால் விலகும்" என்பார். "இதுக்கும் கண் இருக்கு ஐசே. ஆனா அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரன் கீழ நிண்டு பொம்பிளை மாப்பிள்ளையைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்." விமானத்திலிருந்து பார்த்தால் ட்ரோன் ஒரு புள்ளி. அது ட்ரோன் என்று விளங்கும்போது திரும்புவதற்கு நேரம் இருக்காது.

புலம்பிவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் அல்ல அவர். ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, போட்டோக்கொப்பி எடுத்து, காலி வீதி ஸ்டூடியோக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். பறக்கவிடுவதற்கு முன் விமான நிலையத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள், அவ்வளவுதான் கேட்டிருந்தார். நானும் கூடப் போனேன். ஒரு ஸ்டூடியோவில் முதலாளியே மேசையில் இருந்து ட்ரோனின் காற்றாடி நுனிகளுக்குச் சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சுப் பூசிக்கொண்டிருந்தான். மற்றவர்களுடையதோடு மாறிப்போகாமல் இருக்க அப்படி ஒரு அடையாளமாம். தாளை வாசித்துவிட்டுச் சிரித்தான். "என்ன அங்கிள், நாங்க என்ன உங்கட பிளேன்ல கொண்டுபோய் இடிக்கவா போறம்?" கப்டன் கோபப்படவில்லை. "நீர் இடிக்கமாட்டீர் தம்பி. நான்தான் வந்து இடிப்பன்" என்றார்.

அப்படியே நடந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம், பக்கத்தில் ஒரு மாணவியுடன் கல்கிசைக்கு மேலாக இறங்கி வரும்போது இடது இறக்கையில் ஏதோ மோதியது. விளக்குக் கண்ணாடி நொறுங்கி, விளிம்பு உள்ளே போயிருந்தது. பூப்போல இறக்கிவிட்டார். பயந்துபோன அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, தகப்பன் வரும்வரை கூடவே இருந்தார்.

அந்த இடைவெளியில்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. இறக்கையில் பள்ளம் விழுந்தால் காரணம் என்ற இடத்தில் 'பறவை' என்று எழுதிவிடுவோம். பறவை என்றால் இரண்டு நாளில் திருத்திப் பறக்கவிடலாம். வேறு எதை எழுதினாலும் விசாரணை, விமானம் மாதக்கணக்கில் நிற்கும். இரத்தம் இல்லை, இறகு இல்லை, எனக்கே அது தெரிந்தது. கை தன்பாட்டில் 'பறவை' என்று எழுதி ஒப்பமிட்டது. கப்டன் உள்ளே வந்து "ட்ரோன் ஐசே, கண்ணால கண்டனான்" என்றபோது மை காய்ந்திருந்தது.

அவர் விடவில்லை, சிவில் விமான அதிகாரிகளிடம் முறையிட்டார். அன்று கல்கிசை ஹோட்டலில் நடந்த கல்யாணத்தைப் படம்பிடித்தவன் கியூடெக்ஸ்காரன் என்று அங்கே விசாரித்து அறிந்து அவனிடமே போனார். தன் ட்ரோன் காற்றில் அள்ளுண்டு கடலில் விழுந்துவிட்டது என்று அவன் சாதித்தான். மோதியது என்னவென்று அந்த மாணவி காணவில்லை. விசாரணைக்குழுவின் முன் கப்டனின் வாய்ச்சொல் ஒரு பக்கம், என் கையெழுத்து மறுபக்கம். அளவுக்கு மீறித் தாழப் பறந்து பறவையில் இடித்துவிட்டு, ட்ரோன் என்று கதை கட்டுகிறார் என்று முடிவு கட்டினார்கள். வயது, கண் பார்வை என்றெல்லாம் எழுதி அவரைத் தரையில் இறக்கினார்கள். அதன் பிறகு அவர் பறக்கவே இல்லை.

விசாரணை முடியும்வரை விமானத்தில் கைவைக்க விடாததால், இறக்கையைத் திருத்தக் கழற்றியது அந்த முடிவு வந்து ஒரு கிழமைக்குப் பிறகு. உடைந்த விளக்குக்குப் பின்னால் விரல் நீளத்தில் ஒரு சாம்பல் நிறத் துண்டு செருகிக் கிடந்தது. நுனியில் சிவப்பு. நான் அதை யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் பொய் எழுதியவன் என்று என் லைசன்ஸ் போகும். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. கருவிகள் வைக்கிற மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். அடுத்த ஞாயிறு கப்டனைப் பார்க்கப் போனபோது, பல்கனியில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அந்த லைட்டுக்குள்ள வடிவாப் பாத்தனீரோ, ஒண்டும் விடாம?" "பாத்தன் கப்டன். ஒண்டும் இல்ல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியைக் குடித்தார். அதைப் பற்றி மறுபடி ஒரு சொல் கேட்கவில்லை.

செத்த வீட்டுக்குப் போகும்போது அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாய்க்கரிசி போடும்போது பூக்களுக்கு அடியில் செருகிவிட்டால் அவருடன் சேர்ந்து எரிந்துவிடும், கதை முடிந்துவிடும் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மரியாதை என்று எனக்குள் ஒரு பெயரும் வைத்திருந்தேன். மாடிவீட்டு முற்றத்தில் பெட்டி இருந்தது. என் முறை வந்தது. ஒரு கையில் அரிசி, மற்றக் கை சட்டைப் பைக்குள். அப்போது தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கனடாவில் இருக்கிற சொந்தங்கள் நேரலையில் பார்ப்பதற்காக யாரோ ஒழுங்கு செய்த ட்ரோன், பெட்டிக்கு நேர் மேலே நின்றது.

அரிசியை மட்டும் போட்டேன். ட்ரோன் பக்கத்துச் சந்தான ஒழுங்கைக்குள் இறங்கும்வரை காத்திருந்து, அங்கே போனேன். அதை இயக்கியவன் அதே கியூடெக்ஸ்காரன். புது ட்ரோன், காற்றாடி நுனிகளில் அதே சிவப்பு. குனிந்து அதன் பக்கத்தில் என் துண்டை வைத்தேன். அவன் முகத்தில் இரத்தம் வற்றியதைப் பார்த்தேன், பார்க்க நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணை, செத்த வீட்டில கதைக்கிற கதையே இது?" என்றான்.

"இங்கதான் கதைக்கணும். ஆளைச் சாகடிச்சுப்போட்டு அவரையே படம் எடுக்கிறாய்."

"சல்லி எவ்வளவெண்டாலும் தாறன் அண்ணை. லேசாப் பேசி முடிப்பம்."

"நீ முடிஞ்சாய்" என்றேன். துண்டைத் திரும்ப எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை துண்டை உறையில் இட்டு, 'பறவை' என்று பொய் எழுதியவன் நான்தான் என்று நான்கு பக்கம் எழுதி, விசாரணைக்குழுவிடம் நேரில் கொடுத்துக் கையொப்பம் வாங்கினேன். என் லைசன்ஸைப் பிடித்து வைத்துவிட்டார்கள், சரியாகத்தான் செய்தார்கள். அவனையும் அழைத்திருக்கிறார்கள். அவன் ஸ்டூடியோவுக்குப் பூட்டு விழுகிற நாளில் எதிர்ப்பக்கக் கடையில் இருந்து தேத்தண்ணி குடிப்பேன். எங்கள் கோவில் ஃபாதர் மன்னிக்கச் சொல்கிறார். பூட்டு விழட்டும் ஃபாதர், பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

கப்டன் தவநேசன் தாழப் பறக்கவில்லை. அவர் கண்ணில் பிழை இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவரை அறிந்த நீங்கள் எல்லோரும், அந்த முடிவை நம்பியவர்களும், இதை உங்கள் வாயால் நான்கு பேருக்குச் சொல்ல வேண்டும்.

துண்டு இப்போது என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பல்கனியில் அவர் கேட்ட கேள்வி மட்டும்தான். அதைச் சாகும்வரை வைத்திருப்பேன். ஓம் கப்டன், வடிவாப் பாத்தனான். இருந்தது.