அரசாங்கச் செலவுக்கு ஏற்றிய மாவிளக்கு

புரட்டாசிச் சனிக்கிழமை என்றாலே எனக்குக் கால் தரையில் பாவாது. இந்த வருடம் மகளின் மாதிரி வகுப்பும் அன்றைக்கே வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் உள்ள அரசு உதவிபெறும் பள்ளிக்கூடத்தில் பொருளாதார டீச்சர் வேலை. தாளாளர் பின்னால் உட்கார்ந்திருக்க, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் வேலை. டியூஷன் எடுத்தே காலம் தள்ளியவள், இதற்காக எத்தனையோ நாள் காத்திருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் எங்களை உட்காரவைத்துப் பாடம் எடுத்துப் பார்த்தாள். நாட்டின் மொத்த வருமானத்தில் அரசாங்கத்தின் நுகர்வுச் செலவு எவ்வளவு பங்கு, அது காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பது பாடம். நான் எட்டாவது படித்தவள். வாயைப் பிளந்து கேட்டேன்.

"வாத்தியார் சம்பளம், ஆசுபத்திரி மருந்து, தெருவிளக்குக் கரண்டு, இதெல்லாம் அதுல வரும்மா."

"எனக்கு மாசாமாசம் பேங்குல விழுகுத பணம்?"

"அது சேராது. அரசாங்கம் ஒன் கையில குடுத்துருது. நீ அதுல வெல்லம் வாங்குனா, அது ஒன் செலவு."

லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றிவிடும் மேஸ்திரியான என் வீட்டுக்காரர் கேட்டார்: "சரி, ஒனக்கு இந்த வேலை கெடச்சா?"

"என் சம்பளம் அரசாங்க நுகர்வுல வந்துரும்ப்பா."

"கேட்டியாளா! ஒன் மவளையும் அரசாங்கச் செலவுல எழுதப்போறாவ!"

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. படுக்கும்போது மனசாரக் கும்பிட்டேன். 'பெருமாளே, என் பிள்ளையை அரசாங்கச் செலவில் சேர்த்துவிடப்பா.'

காலையில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், பூஜை அலமாரியில் ஒரு தட்டு. அதில் நான் மாவிளக்குக்கென்று இடித்துவைத்திருந்த பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து தட்டிய மூன்று வட்டங்கள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாமி பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளை, முக்கியமான நாளும் அதுவுமாக மாவிளக்குப் பிடித்துவைத்திருக்கிறாளே! சின்னது தாயாருக்கு, பெரியது பெருமாளுக்கு, நடுத்தரம் கருடாழ்வாருக்கு என்று நானே பிரித்துக்கொண்டேன். நடுவில் குழித்து, நெய்யைத் தாராளமாக விட்டு, திரி போட்டு ஏற்றி, "கோவிந்தா, கோவிந்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் அலறினாள்.

"யம்மா! என் ஜிடிபிய ஏம்மா கொளுத்திவச்ச?"

வகுப்பில் வெட்டிக் காட்டுவதற்காக அவள் செய்ததாம். எறும்பு வராத இடம் என்று அலமாரியில் வைத்தாளாம்.

சாமிக்கு ஏற்றிய மாவிளக்கை அணைக்கக்கூடாது. அதுவாக அடங்க வேண்டும். அதை மலையேறுவது என்போம். நான் விட்ட நெய்க்கு மத்தியானம்வரைக்கும் மலையேறாது போலிருந்தது.

"ரெண்டு வெரலால திரிய அமுக்கிரட்டுமா?" என்றார் இவர்.

"தொட்டுப் பாருங்க!" என்றேன்.

மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எரியுத ஜிடிபியோடயே போவோம். கெளம்புங்க."

ஆட்டோக்காரத் தம்பி தட்டைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "யக்கா, இது கேஸ் வண்டி. தீயோட ஏறுனா நாம நாலுபேருமே மலையேற வேண்டியதுதான்." நடந்தோம். மகள் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு முன்னால், நான் தட்டோடு நடுவில், கடற்காற்றை மறைக்க இவர் குடையை விரித்துப் பக்கத்தில். உப்பு லாரி ஒன்று ஓரங்கட்டி வழிவிட்டது. மீன்கூடையை இறக்கிவைத்த ஒரு அக்கா சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எந்தக் கோயிலுக்குளா?"

"பள்ளிக்கூடத்துக்கு!"

"அங்கன எப்பம்ளா சாமி வந்தது?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் சின்னதும் நடுத்தரமும் மலையேறின. பெரியது மட்டும் ஜம்மென்று எரிந்தது. இவர் வெளியே நின்றுகொண்டார். நான் தட்டைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் ஒண்டிக்கொண்டேன்.

"இது என்னதும்மா?" என்றார் தாளாளர்.

"நம்ம நாட்டோட மொத்த வருமானம் ஐயா."

"எரியுதே?"

"எங்கம்மா ஏத்திட்டாங்க ஐயா."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஆனால் அவள் தயங்கவில்லை. சின்ன வட்டம் அந்தக் காலம். மஞ்சள் துண்டு அரசாங்கத்தின் நுகர்வு. பெரிய வட்டத்தில் துண்டும் பெரிதாகிவிட்டது, ஆனால் பங்கு அவ்வளவேதான். நடுத்தர வட்டம் தொழில் படுத்துப்போன வருடம்.

"இதுல அரசாங்கம் முன்னயவிடக் கூடச் செலவழிச்சிருக்கா?"

"ஆமா மிஸ், துண்டு பெருசாத் தெரியுதே!" என்றாள் ஒரு பிள்ளை.

"அப்போ பெரிய வட்டத்தோட துண்டை வெட்டி இது மேல வச்சுப் பாப்போம்."

எப்படி வெட்டுவது? அதுதான் எரிகிறதே! பிள்ளைகள் எல்லாம் மேசையைச் சுற்றிக் குனிந்துகொண்டார்கள். தாளாளரும் எழுந்து வந்துவிட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'பெருமாளே, மலையேறுமய்யா' என்று கெஞ்சினேன். சுடர் குதித்தது, நீலமானது, புகையாகி அடங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் துண்டை வெட்டி நடுத்தரத்தின் துண்டுமேல் வைத்தாள். இரண்டும் ஒரே அளவு.

"பாத்தீங்களா? செலவு கூடல. வட்டம்தான் சுருங்கிருக்கு. அதனாலதான் பங்கு பெருசாத் தெரியுது. வியாபாரம் படுத்துட்டுன்னு ஆசுபத்திரிய மூட முடியாதுல்லா."

தாளாளர் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். "பாடம் நல்லாருக்கு. நெய்தான் கொஞ்சம் கூட."

"எங்க வீட்டு அளவே அதுதான் ஐயா!" என்று ஜன்னலிலிருந்து சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"இவங்கதான் ஏத்துனவங்களா?" என்று சிரித்தவர் மகளைப் பார்த்தார். "திங்கக்கெழமை வந்து சேந்துக்கோம்மா. தீப்பெட்டிய அம்மாட்டயே குடுத்துட்டு வா."

உள்ளே போய்த் தட்டை வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினேன். இவர் இன்னும் குடையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

"என்னாச்சுளா?"

"அரசாங்கச் செலவுல சேத்துட்டாவ!" என்று கத்தினேன்.

வாட்ச்மேன் அண்ணாச்சி ஒன்றும் விளங்காமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கையிலும் ஒரு விள்ளல் மாவிளக்கை வைத்தேன்.