அம்புறோசின் இடது பாதம்

தாழ்வுபாட்டுக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து அம்புறோஸ் வீட்டுக்கு வந்தபோது அவருடைய இடது காலில் செருப்பு இல்லை. இல்லை என்பது அவருக்குத் தெரியாது. வாசலில் நின்ற மனைவி பிரான்சிஸ்கா முதலில் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"மற்றச் செருப்பு எங்கயப்பா?"

அவர் குனிந்து பார்த்தார். வேறு ஆளாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார், இல்லையென்றால் யார் மேலாவது எரிந்து விழுந்திருப்பார். அம்புறோசுக்கு வந்ததோ ஆச்சரியம். எந்த இடத்தில் கழன்றது என்று பார்க்க வந்த வழியே திரும்பிப் போனார். செருப்பு கோயில் படிக்குக் கீழேயே கிடந்தது. அப்படியானால் கோயிலடியில் இருந்து வீடுவரைக்கும் அந்தப் பாதம் சுடுமணலில் வெறுமையாக நடந்திருக்கிறது, உடையவருக்கு ஒரு சொல் சொல்லவில்லை!

"இது பார்க்கவேண்டிய விசயம்" என்றார் அவர், திரும்பி வந்து கதிரையில் இருந்தபடி.

பிரான்சிஸ்கா தலையில் கை வைத்தாள். அவர் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு இருபத்தெட்டு வருட அனுபவம். ஒன்றைக் கண்டால் நோண்டாமல் விடாத புத்தி அம்புறோசுக்குப் பிறவியிலேயே வந்தது. அமாவாசை நண்டுக்கும் பூரணை நண்டுக்கும் சதை எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு வருடம் முழுக்க நிறுத்துப் பார்த்த மனிதர் அவர். நிறுத்து முடித்த பிறகு அதை என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

காலின் கதை இதுதான். போன சித்திரையில், கூடக் கடலுக்குப் போகிற இராசேந்திரம் வருவதற்கு முன்பே அவசரப்பட்டு, படகின் இஞ்சினைத் தனியே தூக்கித் தோளில் வைத்தார். முதுகில் 'டக்' என்றது. மூன்றாம் நாள் இடுப்பில் இருந்து பெருவிரல் வரை நெருப்புக் கம்பி இழுத்தது போல ஒரு நோ. அவர் அதை வெறும் பிடிப்பு என்று எண்ணெய் பூசிக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார். கடைசியில் யாழ்ப்பாணத்தில் முதுகைத் திறந்து, விலகி நரம்பை நசித்துக்கொண்டிருந்த டிஸ்க்கை வெட்டி எடுத்தார்கள். கண் விழித்தபோது நோ போய்விட்டது. நோவோடு சேர்ந்து காலும் பாதி போய்விட்டது. இடது பாதம் மேலே எழும்ப மறுத்தது. நடந்தால் 'சப், சப்' என்று தரையில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும், புறங்காலும், உள்ளங்காலும், பெருவிரலும் மரத்துக் கிடந்தன.

டொக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நரம்பு கனநாள் நசிஞ்சு கிடந்திருக்கு ஐயா. ஒரு வருசத்துக்குள்ள வாறது வரும். அதுக்குப் பிறகு பெரிசா எதிர்பார்க்க வேண்டாம்."

இராசேந்திரமும் தவணை சொன்னார். அவர் நல்ல மனிதர். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பதினெட்டு வருடம் இருந்து திரும்பி வந்தபோது படகில் பங்கு தந்த அம்புறோசை அவர் மறக்கவில்லை. ஆனாலும் கடல் கடல்தான்.

"அண்ணை, உங்கட இடத்தில இப்ப நிக்கிறவர் தற்காலிகம். அடுத்த சித்திரை வரைக்கும் பார்ப்பம். பலம் குறைஞ்ச காலெண்டா நான் சமாளிப்பன். உணர்வில்லாத காலெண்டா ஏலாது. ஓடுற வலைக்கயிறு காலில சுத்தினா உங்களுக்குத் தெரியாது. தெரிய முந்தி நீங்கள் தண்ணிக்குள்ள."

அம்புறோசே அப்படி ஒருவரைப் படகில் ஏற்றமாட்டார்.

செருப்புச் சம்பவத்துக்குப் பிறகு ஆராய்ச்சி முறைப்படி தொடங்கியது. ஞாயிறுதோறும் பூசை முடிய, கதிரையில் காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கோழி இறகால் மேலிருந்து கீழே தடவுவார். தெரிகிற இடம் எங்கே முடிகிறதோ அங்கே நீலப் பேனையால் ஒரு கோடு. போன கிழமைக் கோட்டுக்கும் இந்தக் கிழமைக் கோட்டுக்கும் இடைவெளி எத்தனை விரல்? ஐஸ் கட்டி வைத்தால் குளிர் தெரியவில்லை, ஆனால் அழுத்தினால் ஏதோ தூரத்தில் அழுத்துவது போல இருக்கிறது, ஏன்? எறும்பு மேலிருந்து இறங்கினால் முழங்காலில் தெரிகிறது, கணுக்காலில் மறைந்துவிடுகிறது. போன எறும்பு எங்கே? பிரான்சிஸ்கா பெருவிரலைப் பிடித்து ஆட்டவேண்டும், மேலேயா கீழேயா என்று அவர் கண்ணை மூடிச் சொல்லவேண்டும்.

"மேல."

"ஓம், சரி."

"பொய் சொல்லாத பிரான்சிஸ்கா. நான் கள்ளக் கண்ணால பார்த்தனான். கீழ!"

அவள் காலைத் தொப்பென்று போட்டுவிட்டு எழும்பிப் போனாள். அடுப்படியில் அவள் அழுததை அவர் ஆராயவில்லை. மனிதர் எல்லாவற்றையும் நோண்டுவார், இதை மட்டும் நோண்டமாட்டார். பயம் அவருக்கும் இருந்தது. நீலக் கோடு போட்டுப் போட்டு அதைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கோடு முழங்காலில் இருந்து மெல்ல மெல்ல இறங்கிக் கார்த்திகையில் கணுக்காலுக்கு வந்தது. வந்தது அங்கேயே நின்றுவிட்டது. மார்கழி, தை, மாசி, மூன்று மாதமும் ஒரே கோடு. புறங்கால் வாயைத் திறக்கவில்லை.

மன்னார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர் கிருஷாந்தினி என்ற பிள்ளை. பிசியோ மிஸ் என்று எல்லாரும் சொல்வார்கள். நறுவிலிக்குளத்து வயற்காரக் குடும்பம். பிடித்த பிடியை விடமாட்டாள்.

"ஐயா, காலை இழுக்காதேங்கோ. முழங்காலைத் தூக்குங்கோ, பாதத்தை நிமித்துங்கோ, குதியை முதல் வையுங்கோ. எங்கட வயலுக்கை சேத்தில நடக்கிற மாதிரி. இழுத்தா விழுவீங்கள்."

"எங்கட கடலில இழுத்துத்தான் மிஸ் நடக்கிறது" என்றார் அம்புறோஸ்.

அது உண்மை. அந்தக் கரையில் படகுகள் இடுப்பளவு தண்ணீரில் கட்டிக் கிடக்கும். அங்கு போகிறவன் பாதத்தைத் தூக்கவே மாட்டான். மணலோடு அரைத்து அரைத்துப் போவான். மணலுக்குள் திருக்கை புதைந்து படுத்திருக்கும். அரைத்தால் அதிர்வு தெரிந்து அது விலகிப் போய்விடும். தூக்கி அதன் மேல் வைத்தால் வாலைச் சுழற்றி முள்ளால் ஏற்றிவிடும். இதை யாரும் யாருக்கும் படிப்பிப்பதில்லை. தவழ்கிற வயதில் கடலுக்குள் இறங்கும்போதே காலுக்கு வந்துவிடும்.

கிருஷாந்தினி யோசித்தாள். "கடலுக்குப் போகேக்க அதைப் பார்ப்பம். இப்ப நீங்கள் தரையில நிக்கிறீங்கள். தூக்குங்கோ."

அம்புறோஸ் தூக்கினார். ஒன்றை எடுத்தால் முழுதாக எடுக்கிறவர் ஆயிற்றே. காலையில் ஐந்நூறு அடி, மாலையில் ஐந்நூறு அடி. ஒழுங்கையில் முழங்காலை உயர்த்தி உயர்த்தி அவர் போவதைப் பார்த்துத் தண்ணீர்க் குழாயடிப் பெண்கள், "கொக்கர் வாறார், மீனை மூடுங்கோ" என்று சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர் நின்று, "குதி முதல் படுதா, விரல் முதல் படுதா, பார்த்துச் சொல்லுங்கோ" என்று அவர்களையே கேட்டார். இரண்டு நாளில் அவர்களும் சிரிப்பை விட்டுவிட்டுக் கவனமாகப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

பங்குனி கடைசிக் கிழமை இராசேந்திரம் வந்தார். கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

"நாளைக்குக் காலமை ஒருக்கா போட் வரைக்கும் நடந்து வாங்கோ அண்ணை. தொழிலுக்கில்லை. ஏறி இறங்கிப் பார்ப்பம்."

பார்க்கச் சொன்னதன் பொருள் இருவருக்கும் தெரியும். சித்திரைக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஞாயிறும் கோடு கணுக்காலிலேயே கிடந்தது.

மறுநாள் விடியக் கடல் தட்டையாகக் கிடந்தது. இராசேந்திரம் முன்னால் போய்ப் படகில் ஏறி நின்றார். பிரான்சிஸ்கா கரையில் சேலையைச் சொருகிக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை கூட வந்தாள். அம்புறோஸ் இறங்கினார். பதினொரு மாதத்துக்குப் பிறகு கடல். தண்ணீர் இடது காலைக் கொஞ்சம் தாங்கிக்கொண்டது. முழங்காலைத் தூக்கி, பாதத்தை நிமிர்த்தி, குதியை முதல் வைத்தார். ஒன்று. இரண்டு. விழவில்லை! இன்னும் உயரத் தூக்கினார். கிருஷாந்தினி பார்த்தால் கை தட்டியிருப்பாள். ஐம்பது வருடம் காலுக்குத் தெரிந்திருந்த ஒன்று, அந்தப் பெருமிதத்தில் அடியோடு மறந்து போயிற்று.

"அண்ணை, அரைச்சு வாங்கோ! தூக்காதேங்கோ!" இராசேந்திரம் கத்தினார்.

கேட்பதற்குள் அடுத்த அடி விழுந்துவிட்டது. காலடியில் மணல் கலங்கிப் புகைந்தது. ஒரு சுளகளவு திருக்கை செட்டையை அடித்துக்கொண்டு ஆழத்துக்கு ஓடியது. கலங்கல் தெளிய, இடது புறங்காலில் இருந்து இரத்தம் இழை இழையாகத் தண்ணீரில் கரைவதை அம்புறோஸ் கண்டார். முள் ஏறிய வாய் நன்றாகத் தெரிந்தது.

அவருக்கு ஒன்றும் நோகவில்லை.

திருக்கை குத்தினவன் எப்படித் துடிப்பான் என்பது கடற்கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். மலை போன்ற ஆட்களும் புரண்டு குழறுவார்கள். அவரோ ஆடாமல் அசையாமல் நின்று தன் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறகு, ஐஸ், எறும்பு எல்லாவற்றையும் விடப் பெரிய சோதனை இது. இதற்கும் பதில் வராவிட்டால் இனி எதற்கு வரப்போகிறது? அவ்வளவுதான், முடிந்தது என்று அவருக்குத் தோன்றியது. அவர் படகைப் பார்க்கவில்லை, கரையையும் பார்க்கவில்லை. இராசேந்திரமும் புரிந்துகொண்டார். படகின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். பிரான்சிஸ்கா தண்ணீரை உழக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

அவள் கிட்ட வரவும் அம்புறோசின் முகம் சுருங்கியது. தலையைச் சரித்தார், யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் கேட்பவர் போல. பெருவிரலடியில் ஒரு சூடு. பிறகு சூடு அல்ல, கடி. பிறகு அதற்கு அவரிடம் பெயர் இல்லை. புறங்கால் முழுக்கப் பற்றிக் கணுக்காலுக்கு ஏறி, கோடு எதையும் மதிக்காமல் மேலே ஓடியது. அவர் வாயில் இருந்து வந்த சத்தத்துக்குக் கரையில் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

"என்னாச்சுண்ணே!" இராசேந்திரம் பதறி, முகாமில் பழகிய அக்கரைத் தமிழில் கத்திக்கொண்டு தண்ணீரில் குதித்தார்.

பிரான்சிஸ்கா புருசனைக் கமுக்கட்டில் தாங்கிப் பிடித்தாள். "எங்க? எங்க நோகுது? சொல்லுங்கோ!"

"காலில... ஐயோ, பாதத்தில... பெருவிரலடியில..."

"பெருவிரலிலயா? உண்மையாவா? என்னைப் பாருங்கோ. எப்பிடி நோகுது?"

"உயிர் போகுதடி! தாங்க ஏலாது! மாதாவே!"

ஓடி வந்த இராசேந்திரம் மற்றப் பக்கம் தோள் கொடுத்தார். சுடுதண்ணீர் வைக்கச் சொல்லிக் கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். திருக்கை விசத்துக்குச் சூடுதான் முதல் மருந்து. திரும்பிப் பிரான்சிஸ்காவைப் பார்த்தவர் திகைத்துப்போனார். இடுப்பளவு தண்ணீரில், குழறுகிற புருசனை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கண்ணீர் வழிய வழிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உயிர் போகுதாம் இராசேந்திரம்" என்றாள். "தாங்க ஏலாதாம். மடுமாதாவே, உமக்குத் தோத்திரம்!"