செல்வம் மாட்டிய புது டர்போ

இன்று ராஜபாளையம் பஸ்ஸில் மாரியம்மாளைப் பார்த்தேன். என் நண்பன் செல்வத்தின் மனைவி.

தொண்ணூறுகளில் செல்வம் மில்லுக்குப் பஞ்சு ஏற்றும் சொந்த லாரி வைத்திருந்தான். எஞ்சினுக்கு இழுவை கூட்டும் பழைய டர்போவைக் கழற்றிவிட்டுப் புது மாடல் மாட்டினான். முன்பு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சற்று யோசித்துவிட்டுத்தான் வண்டி இழுக்கும். இப்போது மிதித்ததுமே பாய்ந்தது.

"ஏலே, எம்புட்டு இழுவை பாத்தியா!" என்று பக்கத்தில் இருந்த என் தொடையில் தட்டிச் சிரித்தான்.

அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் இன்னொரு லாரியோடு போட்டி போட்டு முந்தினான். எதிரே மாட்டுவண்டி வந்தது. பழைய பிரேக் அந்த வேகத்துக்குப் பிடிக்கவில்லை. லாரி புளியமரத்தில் மோதியது. செல்வத்தின் உயிர் அங்கேயே போய்விட்டது.

"மகன் கோயம்புத்தூர்ல கார் ரேசு ஓட்டுதான் அண்ணே," என்றாள் மாரியம்மாள். "பெரிய டர்போ வாங்கியிருக்கானாம். பிரேக்க மாத்துனியாலேன்னு கேட்டேன். அதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்ங்கான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

மகனின் நம்பரை வாங்கி வந்தேன். இன்னும் கூப்பிடவில்லை.

அந்தப் போட்டியில் அவன் அப்பாதான் ஜெயித்தான் என்பதை மட்டும் அவனிடம் சொல்லிவிடக் கூடாது. வேறு எங்கிருந்து பேச்சை ஆரம்பிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.