எஸ்தர் மேடம் சுமந்த பழி

சென்னையில் அலுவலக வேலையை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். தடாவில் பேருந்து நின்றபோது எஸ்தர் மேடத்தின் கணவர் சாமுவேல் அழைத்தார். "எஸ்தர் பூட்டா சார். காலையில எழுப்பினேன், எழுந்துக்கவே இல்ல," என்றார். திருப்பதியில் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே சித்தூருக்குப் போனேன்.

எங்கள் திருப்பதி மருத்துவக் கருவி மையத்துக்கு வந்து போனவர்களுக்கு எஸ்தர் மேடத்தைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புதிதாக ஒரு மருத்துவக் கருவியைச் செய்கிறவருக்கு அதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டும், உரிமத்துக்கு வழிகாட்ட விவரம் தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்ட நிபுணர்களை டெண்டர் விட்டு அமர்த்திக் கொடுக்கும் கொள்முதல் அதிகாரி அவர். டெண்டருக்கு வரும் நிறுவனங்களின் தகுதியைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவன் நான். பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை செய்தோம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வரும் நிறுவனக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பேசக் கூடாது. கருவி செய்தவரை எதிரே உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்த தெலுங்கிலோ தமிழிலோ விளக்க வேண்டும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அங்கே திணறியிருக்கிறார்கள். நேரம் வீணாகிறது என்று நான் முணுமுணுத்தால், "நமக்குப் புரிஞ்சி இன்னா ஆவப்போவுது சார்? பொருளைக் கையில வெச்சிக்கினு நிக்கிறது அவுங்கதானே," என்பார்.

வரதய்யபாளையத்து முனிரத்தினம் அப்படி வந்தவர்தான். ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர். குறைமாதக் குழந்தைகளைத் திருப்பதிக்குக் கொண்டுவரும் வழியில் உடல் சில்லிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், வண்டியில் வைக்கும்படி ஒரு சிறிய சூட்டுப்பெட்டி செய்திருந்தார். சூடு கூடினாலோ குறைந்தாலோ குழந்தைக்கு ஆபத்து. அதைச் சோதித்துச் சான்று தர ஓர் ஆய்வகத்தை நாங்கள் தேடினோம்.

தப்பு செய்தவன் நான். டெண்டருக்கு வந்த ஒரு நிறுவனம் அனுப்பிய ஆய்வகப் படங்களைப் பார்த்துவிட்டு, "நேரில் ஆய்வு செய்யப்பட்டது" என்று படிவத்தில் எழுதி முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன். எல்லாரும் செய்கிறதுதானே என்ற அலட்சியம். எஸ்தர் மேடம் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "பொண்ணு பாக்கவே நேர்ல போறோம். லேபை மட்டும் ஃபோட்டோவுலயே பாத்து முடிச்சிட்டீங்களா சார்?" எனக்கு முகம் செத்துவிட்டது. மறுநாளே போனேன். படத்தில் இருந்த சோதனை அறை அங்கே இல்லை. பூட்டிய ஒரு கொட்டகையும் இரண்டு மேசைகளும்தான் இருந்தன. பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் டெண்டரை ரத்து செய்து முனிரத்தினத்துக்குக் கடிதம் அனுப்பினார்.

மறுபடி எல்லாவற்றையும் தொடங்கி முடிக்க ஆறு மாதம் ஆனது. முனிரத்தினம் அலுவலகத்துக்கே வந்து எல்லார் முன்னாலும் கத்தினார். "லெட்டர்ல உங்க கையெழுத்துதான் கீது மேடம்! இந்தக் குளிர்காலமும் பூட்ச்சே. இன்னும் எத்தினி கொழந்தைங்களைத் துணியில சுத்திக்கினு நான் ஓடறது?" எஸ்தர் மேடம் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். "லேட்டானது தப்புதான் முனிரத்தினம்," என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இரண்டடி தள்ளி, கையில் கோப்போடு நின்றேன்.

அன்று சாயங்காலம், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களைக் காட்டிக் குடுத்தா அடுத்த வாட்டி தப்பை மறைக்கத்தான் தோணும். போய்ப் பாத்து நெஜத்தை எழுதினீங்க இல்ல, வுடுங்க," என்றார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அடுத்த நாள் முனிரத்தினத்துக்குப் போன் செய்து உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சூட்டுப்பெட்டி நல்ல ஆய்வகத்தில் தேறி, இன்று வண்டிகளில் ஓடுகிறது. "கெட்டிக்காரி, ஆனா இழுத்தடிப்பா" என்று எஸ்தர் மேடத்துக்கு விழுந்த பெயர் மட்டும் போகவில்லை.

சித்தூர் கல்லறைத் தோட்டத்துக்கு முனிரத்தினமும் வந்திருந்தார். மண் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, "நல்லவங்கதான் சார். என்னைத்தான் ஆறு மாசம் அலையவுட்டுட்டாங்க," என்றார். அப்போதுதான் சொன்னேன். படிவம், படங்கள், கொட்டகை, என் கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கல்லறை மேட்டைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "அவுங்க உயிரோட இருக்க சொல்லோ சொல்லியிருக்கக் கூடாதா சார்? போய் ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டிருப்பேனே."

எஸ்தர் மேடத்திடம் போய்ச் சேர வேண்டியிருந்த மன்னிப்பு அது. வழியில் நின்று தடுத்தவன் நான். அவருக்குரியது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மன்னிப்பு ஒன்றுதான்.