கொடியில் தொங்கிய ரோம ராசா

பொய்க் காசைப் பொய் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. சொன்னதற்கு இதுவரை ஒருவரும் சந்தோஷப்பட்டதில்லை. ஆக்லாந்து நகர மையத்தில், பழங்காசுக் கடையொன்றின் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். கெட்ட செய்தி சொல்லிப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும். எவர் காசையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடுவேன், பாருங்கோ. ஒன்றைத் தவிர. என் மனைவி சுகந்தியின் தாலிக்கொடியில் தொங்குகிற ரோமத் தங்கக் காசு. அம்மா தந்தது. சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் இந்தக் காசுப் பைத்தியமே எனக்குப் பிடித்தது. அது பொய்யானால் நானும் பொய்.

உரிந்த வெள்ளி

பக்கத்து பாங்கில் வேலை செய்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ரோம வெள்ளிக் காசு கொண்டுவந்தார். ஓரத்தில் வெள்ளி உரிந்து செம்பு தெரிந்தது. செம்புக்கு மேலே வெள்ளித் தகடு போர்த்தி, ரோமர் காலத்திலேயே எவனோ கெட்டிக்காரன் அடித்த கள்ளக்காசு. மனிதருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "கவலைப்படாதேங்கோ, பழைய கள்ளத்தையும் தேடி வாங்க ஆள் இருக்கு" என்றேன். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா சார், ஆனா இந்தப் போலியே போலியா இருந்தா?"

பத்திலும் ஒரே கீறல்

அந்தோனி அண்ணை மன்னார்க்காரர், பென்ரோஸில் ஒரு வெயார்ஹவுசில் சரக்குச் சரிபார்க்கிறவர். இணையத்தில் வாங்கிய பத்து ரோமக் காசோடு வந்தார். பத்திலும் ராசாவின் மூக்குக்குக் கீழே ஒரே கீறல். கையால் அடித்த காசு ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, இது ஒரே அச்சில் வார்த்தது, போன வருசத்துச் சரக்கு என்று விளக்கினேன். அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன கதை கதைக்கிறீர்? எங்கட வெயார்ஹவுசில பத்தும் ஒண்டுபோல இல்லாட்டித்தான் திருப்பி அனுப்புவம்!"

வீட்டுக்காரி வந்தாள்

போன கிழமை சுகந்தியே கடைக்கு வந்தாள். கொடியிலிருந்து காசின் வளையம் கழன்றுவிட்டதாம். முதலாளிக்கு முன்னாலேயே காசைக் கவுண்டரில் வைத்து, "ஒருக்காப் பாருங்கோ" என்றாள். தப்ப வழியில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தேன். ராசாவின் தலையைச் சுற்றி எழுத்தே இல்லை, எழுத்து மாதிரிக் கோடுகள்தான். அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத நம்மூர் நகைப் பத்தர் ஒருவர், ரோமக் காசைப் பார்த்து அடித்த நகல். ஐயோ, அம்மாவை இனி இவள் என்ன நினைப்பாள்!

"தங்கம் திறம். ராசாதான்..." என்று இழுத்தேன்.

சுகந்தி சிரித்தாள். "ஓம், கள்ள ராசா. எப்பதான் பாப்பியள் எண்டு இருந்தனான். மாமி கலியாணத்தண்டே எனக்குச் சொன்னவ. 'அவன் தாங்கமாட்டான், அவனுக்கு மட்டும் சொல்லிப்போடாதை பிள்ளை' எண்டவ."

ஊரார் கள்ளக்காசையெல்லாம் முதலில் கண்டுபிடிக்கிறவன் நான்தான், எங்கள் வீட்டுக் காசு கள்ளம் என்று கடைசியாக அறிந்தவனும் நான்தான்.