மழை நாளில் அடித்த வெயில்

"ஸ்கோர் எழுதிக்கலாம்மா. மேட்ச் எழுதறது உன்னால ஆகாது" என்றார் எங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கப் பொறுப்பாசிரியர். அறையே சிரித்தது. நான் கேட்டது ஒன்றுதான். என் கட்டுரைகளுக்கு மேல் என் பெயர் வேண்டும் என்று கேட்டேன்.

அவற்றைத் தன் பெயரில் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஞாயிறுதோறும் தாம்பரம் பக்கத்து லீக் கிரிக்கெட் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, மின்சார ரயில் பிடித்து மவுண்ட் ரோடு ஆபீசுக்கு வந்து எழுதியவள் நான். எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாள் வந்ததெல்லாம் அதுவரை பொட்டலமாகத்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அச்சான கட்டுரையை அம்மாவிடம் காட்டினால், மேலே இருந்த பெயரை விரலால் தொட்டு, "இதான் உன் பேரா?" என்பாள். ஆமாம் என்பேன். பெற்றவளிடம் என்னைப் பொய் சொல்ல வைத்தவரை நான் மன்னிக்கவில்லை.

இறுதி ஆட்டத்தை மட்டும் அவரே எழுதுவார். அதுவும் முந்தின நாளே எழுதி வைத்துவிடுவார். வெயில், கூட்டம், கேப்டன்களின் கைகுலுக்கல் எல்லாம் அதில் இருக்கும். யார் ஜெயித்தார்கள், எத்தனை ரன் என்பதை நான் கீழே சின்ன எழுத்தில் சேர்க்க வேண்டும். ஒருமுறை அவர் பிழையொன்றைத் திருத்திவிட்டேன். தான் எழுதியதில் இனிமேல் கை வைக்கக் கூடாது என்று எல்லார் எதிரிலும் எச்சரித்தார்.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்தன்று அவர் வழக்கம்போல கட்டுரையை எழுதி வைத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார். மவுண்ட் ரோட்டில் தூறல்கூட இல்லை. ஆட்டம் நடக்கவிருந்த சேலையூர் மைதானத்திலோ கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு பந்துகூட வீசவில்லை. நனைந்த புடவையோடு ஆபீசுக்கு வந்து என் பங்குக்கு ஒரு வரி எழுதினேன்: மழை காரணமாக ஆட்டம் நடைபெறவில்லை.

அச்சுக்குப் பக்கம் ஒட்டும் அண்ணன் அவர் கட்டுரையையும் என் வரியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா இது? மேல வெயிலு கொளுத்திகினு கீது, கீழ மழைன்னு போட்டுகீறே?"

"சார் எழுதினதுல நான் கை வைக்கக் கூடாதுண்ணா."

அண்ணன் இரண்டையும் அப்படியே ஒட்டிவிட்டார்.

ஊர் திரும்பிய பொறுப்பாசிரியரைப் பத்திரிகை முதலாளி கூப்பிட்டனுப்பினார். வெளியே வந்ததும் அவர் நேராக என் மேசைக்கு வந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கேனே சார். கீழே இருக்கு பாருங்க."

அடுத்த வாரமே என் பெயர் வந்தது. சில மாதங்களில் அந்தப் பக்கமும் என் கைக்கு வந்தது. அப்படியும் எனக்கு ஆறவில்லை.

இப்போது ஒரு கேபிள் டிவி நிறுவனத்தின் விளையாட்டுப் பிரிவுக்கு நான் தலைமை. அந்தப் பழைய பொறுப்பாசிரியர் வீடியோ கம்பெனி ஆரம்பித்து, தாம்பரம் லீக்கைப் படம்பிடித்து விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு அனுமதி கேட்க, புதன்கிழமை லீக் செயலாளரைப் பார்க்க வருகிறாராம். திங்கட்கிழமையே நான் செயலாளர் வீட்டுக்குப் போய், மூன்று வருஷ ஒளிபரப்பு உரிமையை எங்கள் நிறுவனத்தின் பெயரில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன்.