மருத்துவிச்சியின் பெயர்

என் பெயர் நேவிசாள். மன்னார்க் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பிறந்து, எட்டு வயதில் பெற்றோருடன் சுவிஸில் உள்ள லுசேர்ணுக்கு வந்தேன். நாற்பது வயது கடந்துவிட்டது. இந்தப் பெயருள்ள இன்னொருத்தியை இன்றுவரை நான் சந்தித்ததில்லை. ஆனால் கேட்டவர்கள் எல்லாரும் இதைப் பற்றி ஏதாவது ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தார்கள்.

முதல் அபிப்பிராயம் லுசேர்ணில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கிடைத்தது. இது தமிழே இல்லை; 'நேசம்' என்று யாரோ சொன்னதை எழுதியவர் பிழையாக எழுதிவிட்டார் என்றார் ஆசிரியர். தானே திருத்தி, வரவு இடாப்பில் நேசமலர் என்று பதிந்துகொண்டார். இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் மட்டும் நான் நேசமலராக இருந்தேன். சுவிஸ் பள்ளியில் புவியியல் ஆசிரியை உலகப் படத்தை விரித்து, கரீபியன் கடலில் நேவிஸ் என்று ஒரு தீவு இருப்பதைக் காட்டினார். நான் அந்தத் தீவிலிருந்து வந்தவள் என்று வகுப்பு நம்பியது. நானும் மறுக்கவில்லை. பிறகு பாசலில் ஒரு கல்யாண வீட்டில், மருந்துக் கம்பனியில் வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் என் பெயரைக் கேட்டதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "கடற்கரை ஊர்ப் பேருதானேங்க? நெய்தல்ங்கிற சொல்லுதான் திரிஞ்சு இப்படி ஆயிருக்கும்" என்றார். அவர் சொன்ன உறுதியில் எனக்கும் சில மாதங்கள் அதில் நம்பிக்கை இருந்தது.

பெயருக்கு என்ன கருத்து என்று அப்பாவிடம் கேட்டால், அது ஒரு நல்ல பெயர் என்பார். அதற்கு மேல் ஒன்றும் வராது. ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, சமையற்காரராக ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் அதிகம் கதைக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

நான் ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். அங்கே எல்லாருக்கும் நான் நேவி. சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்தபோது, பெயரையும் அப்படியே சுருக்கிவிடு, பிறகு எந்த அலுவலகத்திலும் எழுத்துக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை என்று தோழிகள் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பெயர் மாற்றப் படிவத்தை எடுத்து நிரப்பியும் வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் என்னை ஒரு மாடிக்குப் பொறுப்பாக நியமித்தார்கள். நிர்வாகம் முழுப் பெயருடன் புதிய அட்டை ஒன்று தந்தது. தேநீர் இடைவேளையில், எங்களுடன் துப்புரவு வேலை செய்யும் போர்த்துக்கல் நாட்டுப் பெண் என் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கிட்ட வந்து வாசித்தாள். இதில் வரும் நேவிஸ் தன் மொழிச் சொல் என்றாள். பனி என்று கருத்தாம், இங்கே குளிர்காலத்தில் கொட்டுகிறதே, அந்தப் பனி. அவளுடைய ஊர்க் கோவிலே பனி மாதாவுக்கு உரியதாம். நானும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் கரைக்குக் கத்தோலிக்க வேதம் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்களுடைய மாதாவின் பெயரோடு, மரியாள், அன்னாள் என்பதுபோல ஓர் 'ஆள்' சேர்ந்திருக்க வேண்டும். பனி விழாத ஊரில் பிறந்து, பனி என்ற பெயரோடு பனி நாட்டுக்கு வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி லுசேர்ணுக்குப் போனேன். அம்மா இறந்த பிறகு அப்பா அங்கே தனியாகத்தான் இருக்கிறார். சட்டைகளுக்கு அயன் பண்ணிக்கொண்டு நின்றவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பனியோ? நல்லது" என்றார். "அவவுக்கும் அது தெரிஞ்சிருக்காது."

யார் அவ என்று கேட்டேன். அயன்பெட்டியை நிறுத்திவிட்டு, கதிரையில் அமர்ந்து அவர் சொல்லத் தொடங்கினார்.

நான் பிறந்தது பெருமழைக் காலம். வீதியெல்லாம் வெள்ளம். ஆஸ்பத்திரிக்கு வாகனம் போகாது. அம்மாவுக்கு வலி கண்டு ஒரு பகல் முழுவதும் ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு மருத்துவிச்சி இருந்தார். அப்பா போய்க் கூப்பிட்டதும், பையைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் நடந்தே வந்திருக்கிறார். நான் கால் முன்னே திரும்பியிருந்தேனாம். என்னையும் அம்மாவையும் காப்பாற்றி, அம்மாவுக்குக் காய்ச்சல் விடும்வரை மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறார். ஆனால் எங்கள் சொந்தக்காரர் சிலர் அவரை உள்ளே இருத்திச் சாப்பாடு கொடுக்கக்கூட விரும்பவில்லை. அவர் எந்தச் சாதி என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மருத்துவிச்சியின் பெயரைத்தான் அப்பா எனக்கு வைத்தார். அவளின்ர பேரையோ பிள்ளைக்கு வைக்கப்போறாய் என்று அவருடைய சொந்தத் தமக்கையே கோபித்துக்கொண்டு, ஞானஸ்நானத்துக்கு வரவில்லையாம்.

இத்தனை வருடமும் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"பேருக்கு என்ன கருத்தெண்டுதான் கேட்டனி. ஏன் வைச்சதெண்டு நீ கேக்கேல்லையே" என்றார் அப்பா.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னல் ஓரம் இருந்து அழுதேன். அப்பாவைப் பற்றி இவ்வளவு பெருமைப்பட்ட நாள் அதற்கு முன் இருந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் பெயர் மாற்றப் படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த வருடம் குடியுரிமை நேர்காணலுக்கு அழைத்தார்கள். எதிரே மூன்று பேர். தேர்தல் முறை, குப்பை பிரிப்பது, அயலவர்களோடு பழகுவது எல்லாம் கேட்டு முடிந்த பிறகு, அவர்களில் ஒரு பெண்மணி என் பெயருக்கு என்ன கருத்து என்று கேட்டார். பனி என்று சொல்லியிருந்தால் அவர்களுக்குப் பிடித்திருக்கும். அதையும் சொன்னேன். ஆனால் முதலில், அது ஒரு மருத்துவிச்சியின் பெயர் என்றுதான் சொன்னேன். வெள்ளத்தில் நடந்துவந்த கதையை என் ஜெர்மன் மொழியில் சொல்லி முடித்தேன். ஓரத்தில் இருந்த வயதானவர் என் பெயரை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்து, தான் சொல்வது சரியா என்று கேட்டார். சரியாகவே சொல்லியிருந்தார்.

குடியுரிமை கிடைத்த பிறகு, ஊர்ப் பங்குத் தந்தை மூலம் அந்த மருத்துவிச்சியின் மகளைத் தேடிப் பிடித்தேன். தாயார் இறந்து பல காலமாம். அப்பாவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு லுசேர்ணிலிருந்து அழைத்தேன். நான் யார், என் பெயர் என்ன என்று சொன்னதும், அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

"அம்மான்ர பேரை ஒருத்தரும் ஒரு பிள்ளைக்கும் வைக்கேல்லை எண்டுதான் நாங்கள் நினைச்சிருந்தம்" என்றார்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவரிடமும் கேட்டேன். ஏதோ ஒரு கப்பலின் பெயர் என்று வீட்டில் சொல்வார்களாம். பனிக் கதையைச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. உன்ர அப்பாவோடை கதைக்கலாமோ என்று கேட்டார்.

போனை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் எழுந்து நின்றுதான் கதைத்தார்.